குரோஷே கிட்னு சொல்லி 1,850 ரூபாய ஏமாத்திட்டாங்க, வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

இன்னிக்கு காலைலதான் கிட் வித்த அந்த சோஷியல் மீடியா பேஜ் என்னை பிளாக் பண்ணுச்சு, வயித்தெரிச்சல் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். புதுசா குரோஷே, அதாவது கொக்கி ஊசியால நூல் பின்றது, கத்துக்க நினைக்கிறவங்களுக்கு அஞ்சு விஷயம் கண்டிப்பா சொல்லணும், அதுக்கு முன்னாடி நடந்தத கேளுங்க.

நாங்க குன்னூர். டிசம்பர் ஜனவரில தரைல கால் வைக்க முடியாது, ஐஸ் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு வயசு 64, சுகர் வேற, பாதம் மரத்துப் போகுதுன்னு ராத்திரி பூரா தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க. கடைல விக்கிற சாக்ஸ் எலாஸ்டிக் இறுக்கி தழும்பு விழுது. சரி நானே நூல்ல லூசா ஒரு வீட்டு செருப்பு பின்னித் தரலாம்னு ஆசைப்பட்டேன். எனக்கு சங்கிலி கூட, அதான் முதல்ல கத்துக்கிற பின்னல், போடத் தெரியாது.

அப்பதான் சோஷியல் மீடியால ஒரு கைவேலை பேஜ் கண்ணுல பட்டுச்சு. பிகினர் செருப்பு கிட், நாலு உருண்டை சுத்தமான மெரினோ கம்பளி நூல், 4 எம்எம் ஊசி, வழுக்காம இருக்க அடில தைக்கிற லெதர் சோல் ஒரு ஜோடி, தமிழ்ல பேட்டர்ன் (எப்படி பின்றதுன்னு எழுதின குறிப்பு), மூணு லைவ் கிளாஸ், எல்லாம் சேத்து 1,850 ரூபா. எனக்கும் சந்தேகம் இருந்துச்சு, அதனாலதான் போன் பண்ணேன். அந்தப் பொண்ணு எவ்வளவு பாசமா பேசுச்சு தெரியுமா, "அக்கா அம்மாவுக்கா, காலோட நீளம் எவ்வளவுன்னு அளந்து அனுப்புங்கக்கா, நான் கூடவே இருந்து முடிக்க வைக்கிறேன்"னுச்சு. அம்மாவ நாற்காலில உக்கார வச்சு, பேப்பர் மேல பாதத்த வச்சு பென்சில்ல வரைஞ்சு, 23 சென்டிமீட்டர்னு போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்த போட்டோவுக்கு ஒரு ஹார்ட் போட்டுச்சு. அத நம்பித்தான் அடுத்த நிமிஷமே யூபிஐல 1,850 ரூபா போட்டுவிட்டேன்.

பதினெட்டு நாள் கழிச்சு பார்சல் வந்துச்சு. நூல் மூணே உருண்டை, அதுல ஒண்ணு வேற ஷேடு. சோல் இல்ல. ஊசி நுனில பிசிறு, ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் மாட்டி பிரியுது. மெரினோவாம்! ஒரு துண்டு நூல வெட்டி இடுக்கில புடிச்சு நெருப்புல காட்டினேன், பிளாஸ்டிக் நாத்தம், உருகி கறுப்பா கெட்டி மணி மாதிரி ஒட்டிக்கிச்சு. நெஜ கம்பளின்னா தலைமுடி கருகின வாசம் வரும், சாம்பல விரல்ல நசுக்கினா பொடியாகும். இது வெறும் ஆக்ரிலிக், இங்க மார்க்கெட்லயே உருண்டை எண்பது ரூபா.

சரி ஆக்ரிலிக்லயே பின்னலாம்னு பேட்டர்ன எடுத்தா தமிழே இல்ல, எங்கயோ சுட்ட இங்கிலீஷ் பேப்பர். வளையத்துல 6 டபுள் குரோஷே (ஒரு வகை கண்ணி), அடுத்த சுத்து 12, அப்புறம் 18னு போட்டிருந்துச்சு. நான் வீடியோ பாத்து அப்படியே போட்டேன், விரல் பக்கம் தட்டையா வராம கிண்ணம் மாதிரி குவிஞ்சுக்கிட்டு, நடுவுல ஓட்டை ஓட்டையா வந்துச்சு. நாலு தடவ பிரிச்சேன். பிரிட்டிஷ்காரங்க டபுள் குரோஷேன்னு சொல்றதத்தான் அமெரிக்கால சிங்கிள் குரோஷேன்னு சொல்றாங்கன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லித்தான் தெரிஞ்சுது. பேட்டர்ன் பிரிட்டிஷ் முறை, நான் பாத்த வீடியோ அமெரிக்க முறை, அதுல டபுள்னா உயரமான கண்ணி, அதான் குவிஞ்சு ஓட்டை விழுந்துச்சு. இத ஒரு வரில சொல்லிக் குடுக்கத்தானே 1,850 ரூபா குடுத்தேன்?

கேட்டா மொதல்ல "அக்கா நீங்க டைட்டா போடுறீங்க"ன்னாங்க. கிளாஸ் எப்போன்னா டீச்சருக்கு காய்ச்சல், அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம். சோல் எங்கன்னா ஸ்டாக் இல்ல. பணத்த திருப்பிக் குடுங்கன்னதும் "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?"ன்னு கேக்கறாங்க, அதுவரைக்கும் அந்த வார்த்தைய ஒரு தடவ கூட சொன்னதில்ல! அப்புறம் மெசேஜ படிச்சுட்டு பதிலே இல்ல. அவங்க போஸ்ட் அடில கமென்ட் போட்டேன், பத்து நிமிஷத்துல டெலீட். இன்னிக்கு பிளாக். "அக்கா அக்கா"ன்னு கூப்பிட்ட அதே பொண்ணு.

1,850 ரூபா, அம்மாவோட ஒரு மாச மாத்திரை காசு அது.

அஞ்சு விஷயம்னு சொன்னேன், இருக்கற கோவத்துல தோணறத சொல்றேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே யூபிஐல போடாதீங்க. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. கம்பளின்னு வித்தா ஒரு இழைய கொளுத்திப் பாருங்க. பேட்டர்ன் எந்த நாட்டு முறைன்னு கேளுங்க. சோல் தைக்காத நூல் செருப்ப வயசானவங்கள டைல்ஸ் மேல போட விடாதீங்க, வழுக்கி விழுந்துருவாங்க. ஏமாந்துட்டா உடனே சைபர் குற்ற ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, லேட் பண்ணா பணம் கைமாறிப் போயிடும். பொருள் சரியில்லன்னா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன். ரெண்டு நம்பரும் எனக்கு நேத்துதான் தெரியும், நான் பணம் போட்டு ஒன்றரை மாசம் ஆச்சு.