ஸ்பிட்ஃபயருக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஹெரால்டை ஓட்டிப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதுமே ஜாகுவார் அது இது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கும்பகோணத்தில் நான் ஓட்டுவது அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு கதவு, 948 சிசி, மெட்ராஸில் செய்தது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆனது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது இந்த ஹெரால்டின் வயிற்றில்தான்.

1959இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஹெரால்ட் வந்த காலத்தில், தனி சேஸ், அதாவது பாடிக்குக் கீழே தனியாக ஒரு அடிச்சட்டம், என்பதே பழைய பாணி. ஆனால் டிரையம்புக்கு வேறு வழியில்லை. பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, சேஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். வேறு வழியில்லாமல் செய்தது பிறகு வசதியாகப் போயிற்று. அடிச்சட்டத்தில் எட்டரை அங்குலம் குறைத்து, இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த இரண்டு சீட் உடம்பை ஏற்றியதும் ஸ்போர்ட்ஸ் கார் தயார்! அதற்குள் கம்பெனியில் காசு தீர்ந்து, மாதிரி வண்டி துணி போர்த்தி மூலையில் கிடந்தது. 1961இல் கம்பெனியை வாங்கிய லேலண்ட் ஆட்கள் கண்ணில் அது பட்டதால் பிழைத்தது. 1962இல் வெளியாகி, 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

சரி, ஓட்ட எப்படி? திருப்புவதில் ஹெரால்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பும், சன்னதித் தெருவிலேயே வளைத்துவிடலாம். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும், டயர் மேல் உட்கார்ந்தே பிளக் கழற்றலாம். பின்சக்கரம்தான் வம்பு. அரசலாற்றுக் கரை வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரம் உள்பக்கம் மடங்கி, பின்புறம் வழுக்கும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயருக்கும் இதே வியாதி உண்டு. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும்போது கேட்கவே வேண்டாம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில், சக்கரம் திரும்புவதற்காக, டிரன்னியன் என்று ஒரு பித்தளைக் கட்டை இருக்கிறது. அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸை அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். மரை தேய்ந்து, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. கவனிக்காமல் விட்டால் ஓடும்போதே சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். நல்லவேளை, இரண்டு வண்டிக்கும் இன்னும் பிரிட்டனில் உதிரி பாகம் கிடைக்கிறது. வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள்.