அயோடினா, கடோலினியமா: சிறுநீரகம் தளர்ந்தவருக்கு எந்த ‘டை’?

ஸ்கேனுக்கு முன் போடப்படும் ஊசியைப் பொதுவாக ‘டை’ என்று ஒரே பெயரால் சொன்னாலும், சி.டி.க்குரிய அயோடின் மருந்தும் எம்.ஆர்.ஐ.க்குரிய கடோலினியம் மருந்தும் வேலை செய்யும் விதத்திலேயே வேறானவை. அயோடின், எக்ஸ் கதிர்களைத் தானே உறிஞ்சி ரத்தக் குழாய்களை வெண்மையாகக் காட்டுகிறது. கடோலினியமோ, தன் 7 இணையற்ற எலக்ட்ரான்களின் காந்தத் தன்மையால், ஸ்கேன் கருவியின் ரேடியோ அலையால் நிலை மாறிய, அருகிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்களை விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பச் செய்கிறது. படத்தில் பளிச்சிடுவது அந்த நீர்தான். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கடோலினியம் மருந்து வழக்கமாகச் சுமார் 12 மில்லி போதும்; அயோடின் மருந்து பெரும்பாலும் 50 முதல் 100 மில்லி வரை தேவைப்படும். ஊசி ஏறும்போது உடலெங்கும் சூடு பரவுவதும், சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று திடுக்கிடுவதும் பெரும்பாலும் அயோடின் பெறுபவர்களின் அனுபவம். அது ஒவ்வாமை அல்ல, சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

உண்மையான ஒவ்வாமை இரண்டிலுமே அரிது, கடோலினியத்தில் இன்னும் அரிது. இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவருக்கு அயோடின் மருந்து ஆகாது என்ற நம்பிக்கை மட்டும் ஏனோ சாக மறுக்கிறது. அந்த ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள புரதமே தவிர அயோடின் அல்ல.

சிக்கலான இடம் சிறுநீரகம். அயோடின் அதைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, சிறுநீரகம் தளர்ந்தவர்களை எம்.ஆர்.ஐ. பக்கம் திருப்பிவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. தோல் கட்டைபோல் இறுகி மூட்டுகள் மடங்காமல் போகும் ‘நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ்’ என்ற நோய்க்கும் கடோலினியத்துக்கும் தொடர்பு உண்டென 2006-இல் தெரியவந்தபோது, அந்த வழக்கமே ஆபத்தாக மாறியது. தனித்த கடோலினியம் நச்சு என்பதால் அதை ஒரு மூலக்கூறுக் கூண்டில் அடைத்தே செலுத்துகிறார்கள். நீள்வடிவக் கூண்டு எளிதில் நெகிழ்ந்துவிடும்; வளையக் கூண்டு உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் மருந்தை வெளியேற்றத் தாமதிக்கும் உடலில் இந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நீள்வடிவ மருந்துகள் பலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்திவைத்தது.

மறுபுறம், அயோடின் மீதான அச்சம் ஓரளவு மிகையானது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவுப்பொருளான கிரியாட்டினின், அயோடின் மருந்து பெறாத நோயாளிகளிடமும் ஏறுவதுண்டு. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடான இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால்தான் எச்சரிக்கை உண்மையிலேயே அவசியம். அந்நிலையில் இரு ஸ்கேன்களும் ஒரே விடையைத் தருமென்றால், வளையக் கூண்டுக் கடோலினியத்தையே நான் முன்வைப்பேன். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி இருக்குமோ என்ற அவசர ஐயத்தில் மட்டும், கிரியாட்டினினைக் காரணம் காட்டி அயோடின் சி.டி.யைத் தள்ளிப்போடக் கூடாது.