உட்கார வைத்து அளந்த மிஸி

லண்டனிலிருந்து ஊருக்கு வந்து, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியது, தூறல், மல்லியப்புச் சந்தி, பொகவந்தலாவை பஸ்ஸுக்காக நின்றது, இதெல்லாம் நமக்குப் பழகியவை; எழுதத் தேவையில்லை. டிக்கோயாவைத் தாண்டியதும் வயிற்றின் இடப்பக்கம் எரியத் தொடங்கியது. அதைத்தான் எழுத வேண்டும்.

இரண்டு ஆண்டுகளாகக் கொலோஸ்டமிப் பையோடு வாழ்கிறேன். அறுவைச் சிகிச்சையில் குடலை வயிற்றின் வழியே வெளியே கொண்டுவந்த வாய் ஸ்டோமா. அதைச் சுற்றித் தோலில் துளையிட்ட தட்டு ஒன்றை ஒட்டி, மலம் சேரும் பையை அதில் மாட்ட வேண்டும். தட்டின் அடியில் எரிகிறது என்றால் கசிவு தோலைத் தொட்டுவிட்டது என்று பொருள். மேலே பிளாஸ்டர் ஒட்டி நாளைக் கடத்தக் கூடாது. கழற்றிக் கழுவி, ஈரம் போக ஒற்றி, புதுத் தட்டு ஒட்ட வேண்டும். எங்கே கழற்றுவது? லண்டனில் மாற்றுத்திறனாளிகளின் பொதுக் கழிப்பறைகளைத் திறக்கும் சாவி ஒன்று என் கைப்பையில் எப்போதும் இருக்கும். இந்தப் பாதையில் அந்தச் சாவிக்கு ஒரு கதவும் கிடையாது. வாடை வந்துவிடுமோ என்று ஜன்னலைத் திறந்தேன். பின்னால் இருந்த அம்மா, "குளிருகிறது, மூடுங்கள் மகள்" என்றார். காசல்ரீ நீர்த்தேக்கம் ஓரமாகவே வந்தது. எத்தனை ஆண்டு ஏங்கிய காட்சி! ஒரு துளியும் மனதில் ஏறவில்லை. சேலைக் கொசுவத்தை அழுத்திப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தேன்.

அண்ணன் வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அடுப்படியில் அதே தாழ்ந்த பலகை. அதில் குந்தி, ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்று கதை பேசினால் நேரம் போவதே தெரியாது. ஆனால் குந்திய ஒவ்வொரு முறையும் தட்டு கழன்றது. தோல் சிவந்து அரித்தது. அத்தை தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவிவிட்டார். சின்ன வயதில் எந்தப் புண்ணுக்கும் அவர் கை மருந்துதானே? மறுக்க மனம் வரவில்லை. அடுத்த தட்டு ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கென்று கொண்டுவந்த பன்னிரண்டு தட்டுகளில் ஒன்பது ஐந்தே நாளில் தீர்ந்தன.

டவுனில் ஒரு பாமசிக்குப் போனேன். ஆட்கள் நிறைந்த கவுண்டரில், "வயிற்றுப் பையா? யாருக்கு, உங்களுக்கா?" என்று கடைக்காரர் உரக்கக் கேட்டார். எடுத்து வைத்த தட்டின் வளையம் ஒரு அளவு, என் பையின் வளையம் வேறு அளவு. இரண்டும் ஒன்றையொன்று கவ்வாவிட்டால் பை விழுந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார். இங்கிலாந்தில் நிரந்தரக் கொலோஸ்டமி உள்ளவருக்குப் பை இலவசம். மாதா மாதம் துளை வெட்டியே வீட்டுக்கு வந்துவிடும். கடையை விட்டு வெளியே வந்து அழுதுவிட்டேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்.

அங்கே கண்டதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மிஸி, அதாவது நர்ஸ், தமிழ்ப் பிள்ளை, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நான் ஊரில் இருந்த காலத்தில் தமிழ் பேசும் மிஸியை ஒருநாளும் பார்த்ததில்லை. திரையை இழுத்து மூடிவிட்டு, தட்டை மேலிருந்து மெதுவாக உரித்தாள். முகர்ந்து பார்த்து, "எண்ணெய் வைத்தீர்களா, அம்மா? எண்ணெய்ப் பசை இருந்தால் தட்டு ஒட்டாது. வெந்நீர் மட்டும் போதும்" என்றாள். பிறகு, "படுத்திருந்தால் தெரியாது, இந்த ஸ்டூலில் குனிந்து உட்காருங்கள்" என்றாள். உட்கார்ந்தேன். ஸ்டோமாவுக்குக் கீழே விரல் அகலத்துக்கு மடிப்பு விழுந்தது. பலகையில் குந்தும்போது கசிந்த வழி அதுதான்.

அடுத்து, பை சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை ஸ்டோமாவின் மேல் வைத்துப் பேனாவால் கோடிட்டு, அடிமட்டத்தில் அளந்தாள். 28 மில்லிமீட்டர். என் தட்டுகளின் துளை 35. ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர்தான் துளை பெரிதாக இருக்கலாம். மிச்ச இடைவெளியில் தோல் மலத்தில் ஊறும், ஊறிய தோலில் அடுத்த தட்டும் பிடிக்காது என்று விளக்கினாள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் வரை ஸ்டோமாவின் வீக்கம் வடிந்துகொண்டே வரும். என் 35 மூன்றாம் வாரக் கணக்கு! இரண்டு ஆண்டுகளாக லண்டன் வீட்டுக்குப் பெட்டி தவறாமல் வந்தது. ஒருவரும் திரும்ப அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. லேசான அரிப்பு அங்கேயும் இருந்தது. இப்படித்தான் இருக்கும் போலும் என்று பொறுத்துக்கொண்டேன்.

அலமாரியிலிருந்து பேஸ்ட் குழாயை எடுத்து மடிப்பிலும் இடைவெளியிலும் மெல்லிதாக நிரப்பினாள். அது பசையில்லை, பள்ளம் நிரப்புவது மட்டுமே என்றாள். சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கச் சொல்லித் தட்டை ஒட்டி, குளிரில் விறைத்த அந்தத் தட்டு இளகும்வரை தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தாள். கை அவ்வளவு சூடு. அந்தத் தட்டு மூன்று நாள் நின்றது. துளை வெட்டாத, தட்டும் பையும் ஒன்றாகவே சேர்ந்த ஒற்றைப் பை கேளுங்கள் என்று அவள் எழுதிக் கொடுத்த துண்டோடு அண்ணன் மகன் கண்டிக்குப் போய் வாங்கி வந்தான். ஒரு சதம் செலவில்லாமல் இத்தனையும் செய்த பிள்ளையிடம் கொடுக்க ஒரு நல்ல பைகூட அலமாரியில் இல்லையே என்று நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

வெளியே வாங்கில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் தன் முறைக்குக் காத்திருந்தார். ஒரே பையைக் கழுவிக் கழுவிப் போடுகிறாராம். "ஒரு பைக்கு ஒரு நாள் கொழுந்து போய்விடும், தங்கச்சி" என்றார். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளமே 2021ஆம் ஆண்டுதான் கைக்கு எட்டிய மக்கள்.

ஊருக்கு வருகிறவர்களிடம் கேட்கிறேன். வீட்டில் மிஞ்சிய பைகள் இருந்தால் திகதி பார்த்து எடுத்து வாருங்கள். வெட்டாதவையாக இருக்கட்டும், என்னுடையதுபோலத் துளை போட்டு வந்தவை அந்த அக்காவுக்கு உதவா. டிசம்பரில் என் மகன் வருகிறான். இரண்டு பெட்டி கட்டி வைத்துவிட்டேன், பேஸ்ட் குழாய்களும் சேர்த்து.