அம்பையில் இருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது: அகஸ்தியர் அருவியா, மணிமுத்தாறா, திருப்புடைமருதூரா?

அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் வீடு இருந்தால் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. பள்ளிக்கு லீவு விட்டதும் சென்னையில் இருந்தும் கோவையில் இருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே “எந்த அருவிக்குப் போலாம்?” என்று கேட்டுவிடுவார்கள். மேற்கே போனால் பாபநாசம், அதற்கு மேலே அகஸ்தியர் அருவி. கல்லிடைக்குறிச்சி வழியாகத் தெற்கே போனால் மணிமுத்தாறு அணை, அதற்கு மேலே ஓர் அருவி. கிழக்கே ஆற்றோடு இறங்கினால் திருப்புடைமருதூர். எது என்றாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு மூன்றில் எது கிடைத்தாலும் சந்தோஷம்தான்.

இங்கேயே குடியிருப்பவர்களின் கணக்கு வேறு. முழங்கால் வலிக்கிற அம்மா, தண்ணீரைக் கண்டால் கைக்குள் நிற்காத இரண்டு பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு. மாதம் தவறாமல் போய்வர ஓர் இடம் வேண்டும் என்று மூன்றுக்கும் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் திருப்புடைமருதூர் என்று முடிவு செய்தோம். அக்கம்பக்கத்தில் பலருக்கு இது வியப்பாக இருக்கிறது. “அருவியை விட்டுட்டு ஆத்துக்கா போறீக?” என்று கேட்கிறார்கள். அதற்கு விவரமாகப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா இடத்துக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போவது நல்லது. எலுமிச்சஞ்சோறும் துவையலும் போதும். மாற்றுத் துணியும் குடிதண்ணீரும் கையில் இருக்க வேண்டும். அருவி இரண்டுக்கும் பிளாஸ்டிக் பை கொண்டுபோக முடியாது, சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அழகைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, பொதிகை மலையடிவாரத்தில் அழகில்லாத இடம் ஏது?

அகஸ்தியர் அருவியின் பெரிய பலம், அங்கே ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும் என்பது. குற்றாலத்தில் பாறை மட்டும் தெரிகிற பங்குனி, சித்திரையில்கூட இங்கே தலையைக் காட்டி நிற்கலாம். பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி கிடையாது. அது மிக நல்ல ஏற்பாடு. இறங்கி வரும்போது பாபநாசநாதரையும் உலகம்மையையும் கும்பிட்டுவிட்டு வரலாம். தெம்புள்ளவர்கள் அருவிக்கு மேலே படியேறிக் கல்யாண தீர்த்தம் வரைக்கும் போகலாம். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், சாப்பாட்டுப் பையை வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கீழே கோயில் படித்துறையில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் சிக்கிக் கறுத்துப் போய்ப் பாசி பிடித்துக் கிடக்கின்றன. தண்ணீருக்குள் கால் வைத்தால் துணி காலைச் சுற்றிக்கொள்ளும். எத்தனையோ பேர் சேர்ந்து வண்டி வண்டியாக அள்ளியும் தீரவில்லை. மலையை விட்டு இறங்கியதும் தாமிரபரணி சந்திக்கிற முதல் பெரிய படித்துறை அது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு முழுவதும் மனசு சரியாக இருப்பதில்லை.

மணிமுத்தாறு அப்படியில்லை. காமராஜர் ஆட்சியில் கட்டி 1958-ல் முடித்த அணை. முழு நீர்மட்டம் 118 அடி. அணைக்கரையில் நின்றால் முன்னால் கடல்போலத் தண்ணீர், பின்னால் மாஞ்சோலை மலை. அடிவாரத்தில் பூங்கா இருக்கிறது. அம்மாவுக்கு உட்கார நிழல் கிடைக்கும், பிள்ளைகளை ஓடவிடலாம். கால்வாயில் தண்ணீர் திறந்திருந்தால் 80 அடிக் கால்வாயில் குளிப்பது எங்கள் பக்கத்து இளவட்டங்களுக்கு அருவியைவிடப் பிடித்த விஷயம். அருவிக்குப் போக இன்னும் மேலே ஏற வேண்டும். உயரம் குறைவுதான், ஆனால் அகலமாக விழும், இரைச்சல் காதை அடைக்கும். விழுகிற இடத்தில் உள்ள தடாகம் மிக ஆழம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று குளிப்பதோடு சரி.

நல்ல இடம்தான். ஆனால் இந்த அணை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது. பாபநாசம் அணைக்கு ஆனி, ஆடியிலும் தண்ணீர் வரும், ஐப்பசி, கார்த்திகையிலும் வரும். மணிமுத்தாறுக்கு ஐப்பசி பிறந்தால்தான் விடிவு. ஆவணி, புரட்டாசியில் போனால் சில ஆண்டுகளில் அணைக்குள் தண்ணீர் எங்கேயோ தூரத்தில் கிடக்கும், கால்வாயும் காய்ந்திருக்கும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொண்டு திரும்பி வரலாம், அவ்வளவுதான்.

இனி எங்கள் வீட்டு முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது கேட். வனத்துறை கேட்.

இரண்டு அருவிகளுமே களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 1988-ல் அறிவித்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே கேட் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தே ஆக வேண்டும். அந்தக் காடு இல்லாவிட்டால் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆனால் மாதாமாதம் குடும்பத்தோடு போகிறவன் கண்ணால் பார்த்தால், அந்தக் கேட் திறந்திருக்கும் நேரமும் நமக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரமும் ஒத்துப்போவதே இல்லை.

சித்திரை, வைகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குக் குளிக்க இதமான நேரம் எது? விடியற்காலை, அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. கேட் திறக்கும்போது வெயில் ஏறியிருக்கும். பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். ஆக, உச்சி வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுதான் குளித்தாக வேண்டும்.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று எஸ்டேட் ஊர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவான இடங்கள் என்று பேப்பரில் வரும் பட்டியலில் இந்தப் பெயர்களை அடிக்கடி பார்க்கலாம். அங்கே இரவெல்லாம் மழை கொட்டியிருக்கும், அம்பையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். நாம் வண்டியை எடுத்துக்கொண்டு மணிமுத்தாறுக்குப் போய் நின்றால், அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதுதான் சரி. ஒரு நிமிடத்தில் தண்ணீர் ஏறிவிடும், கம்பியெல்லாம் தாங்காது. ஆனால் பின்சீட்டில் டவலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதை எப்படி விளக்குவது?

புலிக் கணக்கெடுப்பு வந்தால் சில நாள் கேட் அடைத்திருக்கும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தய்யனார் கோயில் திருவிழா நடக்கும்போது பாபநாசம் சாவடியில் தனியார் வண்டிகளைக் கட்டுப்படுத்துவார்கள். எங்கள் பக்கத்தில் அது பெரிய விழா, குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்குகிற வழக்கம். அந்தச் சமயத்தில் அருவிக் குளியலை மறந்துவிடலாம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஆண்டில் பல ஞாயிற்றுக்கிழமைகளில் போகலாமா கூடாதா என்று யாரிடமாவது போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

திருப்புடைமருதூருக்குக் கேட் கிடையாது, கட்டணமும் கிடையாது. வீரவநல்லூர் வழியாகப் போனால் கடைசியில் ஊர், கோயில், ஆறு. கடனா நதி வந்து தாமிரபரணியில் கலக்கிற இடம். கரையில் பெரிய பெரிய மருத மரங்கள். கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே படித்துறை இருப்பதால் அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, பேரனை அதட்டிக்கொண்டிருப்பார்: “ஏல, அங்கன போகாத, கசம் கெடக்கு. கரையோரமா நின்னு குளி.” கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளம்.

வேனிற்காலத்தில் அங்கே தண்ணீர் இருக்குமா என்று கேட்பார்கள். இருக்கும். கார் சாகுபடிக்கு ஆனி வாக்கில் அணை திறக்கும்வரை ஆறு மெலிந்துதான் ஓடும். ஆனால் கீழே அத்தனை ஊர்களுக்கும் குடிதண்ணீர் இந்த ஆற்றில்தான் போக வேண்டும் என்பதால் அடியோடு நிற்பதில்லை. சித்திரையில் முழங்காலளவு, சில இடத்தில் இடுப்பளவு. மணல் தெரிகிற தெளிந்த தண்ணீர். சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க இதைவிடத் தோதான இடத்தை நான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பார்க்கவில்லை. அருவியில் தலையில்தான் தண்ணீர் விழும், நீச்சலா பழக முடியும்?

அப்புறம் பறவைகள். 2005-ல் இந்தக் கோயில் தோப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். காப்பகம், சரணாலயம் என்ற வகையில் வராமல், ஊர்க்காரர்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பகம் என்ற வகையில் இந்தியாவிலேயே முதலாவது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. ஆனால் தை பிறந்த பிறகு போய் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். மஞ்சள் மூக்கு நாரைகள் மர உச்சியில் கூடு வைத்திருக்கும். குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்துகிற சத்தம் ஓயாது. பெரிய நாரை வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு வந்து கூட்டில் குறுக்கே வைத்து, சரியில்லை என்று எடுத்து, மறுபடி வைக்கும். என் மகள் குளிப்பதை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இன்னொரு பக்கம் பழந்தின்னி வவ்வால்கள் தலைகீழாகத் தொங்கும். மரத்தடியில் எச்ச நாற்றம் உண்டு, சட்டையிலும் விழும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வெயில் ஏறிவிட்டால் நாறும்பூநாதர் கோயிலுக்குள் போய்விடலாம். கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று கூப்பிட்டபோது காது கொடுத்துக் கேட்பதற்காகச் சாய்ந்த சிவன் என்று சொல்வார்கள். லிங்கம் சாய்ந்துதான் இருக்கும். கோபுரத்துக்குள்ளே ஐந்து நிலையிலும் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஓவியம் ஆய்வாளர்கள் தேடி வந்து பார்க்கிற ஒன்று. தைப்பூசத்துக்கு மட்டும் கூட்டம் தாங்காது, அன்றைக்குக் குளிக்க வருபவர்கள் விடியும் முன்பே வந்துவிட வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. கேட் இல்லாத இடத்தில் தடுக்கவும் ஆள் இல்லை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்று அணைகளின் தண்ணீரும் இந்தப் படித்துறையைத் தாண்டித்தான் போகிறது, கடனா அணையின் தண்ணீரும் இங்கேதான் வந்து சேருகிறது. அருவியில் ஒரு மலையின் வெள்ளம், இங்கே எல்லா மலைகளின் வெள்ளமும். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பேப்பரில் அணை நீர்மட்டத்தைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. அடிக்கணக்கில் முழு நீர்மட்டம்: பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85. இந்த எண்களை நெருங்கிக்கொண்டிருந்தால் ஆற்றில் இறங்குவது கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதை யாரும் அதிகப்படி என்று சொல்ல மாட்டார்கள். கசங்களும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இடம் மாறும். போன ஆண்டு மணலாக இருந்த இடம் இந்த ஆண்டு ஆளை விழுங்கும் பள்ளமாக இருக்கலாம். கரையில் துணி துவைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள்.

குறைகளும் உண்டு. பெண்கள் உடை மாற்ற அருவியில் உள்ள அளவு வசதி இங்கே இல்லை. எங்கள் வீட்டில் சேலையை மறைப்பாகப் பிடித்துத்தான் சமாளிக்கிறார்கள். பஸ்ஸை நம்பிப் போகிறவர்களுக்குப் பாபநாசம்தான் சுலபம், திருநெல்வேலியில் இருந்தே அடிக்கடி பஸ் உண்டு. திருப்புடைமருதூருக்கு நாங்கள் எப்போதும் சொந்த வண்டியில் போகிறவர்கள் என்பதால் பஸ் நேரத்தைப் பற்றி அனுபவத்தில் பேச முடியாது. இருட்டிய பிறகு அங்கே இருந்ததும் இல்லை.

வெளியூர் விருந்தாளிகள் வந்தால் நானும் அகஸ்தியர் அருவிக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரே ஒரு நாள் வந்தவர்களுக்கு அருவியைக் காட்டாமல் அனுப்ப மனசு வராது. அப்படிப் போவதானால் கேட் திறக்கும் நேரத்துக்குச் சாவடியில் நில்லுங்கள், பதினோரு மணிக்கு முன்னால் குளித்து முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேன் கூட்டம் வந்துவிடும். ஒருவேளை கேட் அடைத்திருந்தால் அங்கேயே நின்று காத்திருக்க வேண்டாம். ஆற்றில் வெள்ளம் இல்லாத நாளாக இருந்தால் வண்டியைத் திருப்பி, வீரவநல்லூர் ரோட்டைப் பிடியுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மருத மர நிழலுக்கு வந்துவிடலாம்.