ஹீட் பம்ப் போடவிருக்கும் மார்க்கம், ஸ்காபரோ உறவுகள் கவனத்துக்கு

எரிவாயு பர்னஸைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப், கூரையில் சூரியத் தகடுகள், பரணில் ஆர்-60 அளவுக்கு (ஆர் எண் கூடினால் காப்பும் கூடும்) வெப்பக்காப்பு எல்லாவற்றையும் தாங்களே செய்து தருவதாக ஒரு நிறுவனம் எங்களிடம் பேசியது. "குளிர்காலத்திலும் மின்கட்டணம் பெயருக்குத்தான் வரும், அக்கா" என்று விற்பனையாளர் தமிழிலேயே உறுதி சொன்னார். ஜனவரிக்கு வந்த கட்டணம் 640 டாலர்.

காரணம் தெர்மோஸ்டாட்டுக்குள் இருந்தது. வெளியே 2 பாகைக்குக் கீழே இறங்கினால் ஹீட் பம்ப் நின்று, துணைக்கு வைத்த மின்சூடாக்கி மட்டும் ஓடும்படி அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கே டிசம்பர் தொடங்கி மார்ச் வரை அதற்குக் கீழேதானே பெரும்பாலும் கிடக்கிறது! மிதமான குளிரில் ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம் தரும். கடுங்குளிருக்கென்றே செய்யப்பட்டவை மைனஸ் 15இலும் இரண்டு பங்கை ஒட்டித் தரும். மின்சூடாக்கியில் ஒன்றுக்கு ஒன்றுதான். நல்ல இயந்திரத்தை வெளியே சும்மா நிறுத்திவிட்டு, குளிர்காலம் முழுவதும் எங்கள் காசை எரித்திருக்கிறார்கள்.

கோடையில் தகடுகள் தரும் மிகை மின்சாரத்தின் வரவு ஒன்ராறியோவில் 12 மாதம் வரை கணக்கில் நிற்கும். அது உண்மை. அந்த வரவு குளிர்காலத்துக்குப் போதுமா என்பதை வீடு இழக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டால்தான் சொல்ல முடியும். அதற்கு சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனேடியத் தரமுறை இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கை எவரும் போடவில்லை. பழைய பர்னஸின் அளவைப் பார்த்தே இயந்திரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

பிறகு வேறொரு ஆலோசகரை அழைத்தோம். வாசலில் மின்விசிறி பொருத்திக் காற்றுக்கசிவைச் சோதித்தபோது, பரண் மூடியின் விளிம்பில் கை வைத்தால் குளிர்காற்று விரலில் அடித்தது. மேலே ஏறிப் பார்த்தால் மூடியைச் சுற்றி மட்டும் பஞ்சு மேடாகக் குவிந்திருந்தது. கூரையோரத்தில் மரச்சட்டங்கள் வெறுமையாகத் தெரிந்தன. எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு எட்டும் தூரம்வரைதான் வேலை! நிறுவனத்தைக் கேட்டால், "இந்த வருடம் குளிர் கூட" என்ற ஒரே பதில்.

ஆலோசகர் அந்த 2 பாகையை மைனஸ் 15 ஆக்கிக் கொடுத்த பிறகு கட்டணம் கணிசமாக இறங்கியது. பரண் வேலைக்கான கடைசித் தவணையை நிறுத்தி, எழுத்தில் முறைப்பாடும் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் வேலைக்குக் கொடுப்பதானால் எஃப்280 கணக்கைக் கையில் வாங்கிய பிறகே ஒப்பமிடுங்கள். கடைசிப் பணம் கொடுக்குமுன் மின்சூடாக்கி எத்தனை பாகையில் ஓடத் தொடங்கும் என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். விளக்கோடு பரணின் ஓரம்வரை போய்ப் பாருங்கள்.