நாடு மாறும் டெஸ்க்டாப்புக்கு எந்த பவர் சப்ளை?

டெஸ்க்டாப்பை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிளக்கைப் பற்றித்தான். உண்மையில் அது கடைசியாகப் பார்த்தால் போதும். பவர் சப்ளையின் பின்னால் இருக்கும் மூன்று முள் சாக்கெட் பெரும்பாலும் ஐஇசி சி14 வகை. உலகம் முழுக்க அதுதான். போன இடத்தில் அந்த ஊர் பிளக் உள்ள ஒயர் ஒன்றை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது.

சிக்கல் சுவரிலிருந்து வரும் வோல்டேஜில் இருக்கிறது. ஜப்பானில் 100 வோல்ட், தைவானில் 110, அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 230. பிரேசிலில் ஊருக்கு ஊர் 127 அல்லது 220. 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற கவலை மட்டும் வேண்டாம். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ், வரும் ஏசியை முதலில் டிசியாக்கிவிட்டு, அப்புறம் தன் சொந்த வேகத்தில் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டித்தான் 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றுகிறது.

கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, பவர் சப்ளை லேபிளில் இன்புட் வரியைப் படியுங்கள். மூன்றில் ஒன்று இருக்கும்: 100–240 என்று நடுவில் கோடு, 115/230 என்று சாய்கோடு, அல்லது வெறும் 200–240. கோடு போட்டது எல்லா நாட்டுக்கும் சரி. சாய்கோடு போட்டதை நீங்கள்தான் மாற்றிவைக்க வேண்டும். மூன்றாவது, 120 வோல்ட் நாட்டுக்கு ஆகாது.

சாய்கோடு போட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் வெடிப்பது அதுதான். பின்பக்கம் ஒரு சின்ன சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். அதை 230-இல் வைத்தால், வரும் மின்சாரம் நேராக டிசியாகி, உள்ளே வரிசையாக இருக்கும் இரண்டு பெரிய கெபாசிட்டர்களில் சேர்ந்து சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். ஆளுக்குப் பாதி. 115-இல் வைத்தால் அதே இரண்டும் மாறி மாறிச் சார்ஜ் ஆகி வோல்டேஜை இரட்டிப்பாக்கும். ஒவ்வொன்றிலும் 160 சொச்சம், மொத்தம் அதே 325. அருமையான, மலிவான ஏற்பாடு. ஆனால் சுவிட்ச் 115-இல் இருக்கும்போது 230 வோல்ட் பிளக்கில் மாட்டினால் ஒவ்வொரு கெபாசிட்டர் மேலும் 325 வோல்ட் ஏறப் பார்க்கும். அவை பெரும்பாலும் 200 வோல்ட்டுக்கு உரியவை. பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை, ஃப்யூஸ் காலி. சேதம் பவர் சப்ளையோடு நிற்கும் என்று நம்பி உட்கார முடியாது.

தலைகீழாகத் தப்பு செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 230-இல் வைத்து 120 வோல்ட்டில் மாட்டினால் போதிய வோல்டேஜ் இல்லாமல் கம்ப்யூட்டர் கிளம்பாது, அவ்வளவுதான். அதனால் பெட்டி கட்டும்போதே சுவிட்சை 230-க்குத் தள்ளி, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். மாற்றுவதென்றால் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகுதான்.

இனி 100–240. இதில் சுவிட்ச் கிடையாது. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற முன்பகுதி, வருவது 100-ஆனாலும் 240-ஆனாலும் அதை 380–400 வோல்ட் டிசிக்கு ஏற்றி நிறுத்திக்கொள்கிறது. மனிதர் மறதிக்கு இடமே வைக்காததால்தான் என் ஓட்டு இதற்கு. லைன் வோல்டேஜ் அவ்வப்போது இறங்கும் இடங்களிலும் இது தாக்குப்பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. வாட் அதேதான் என்பதால், வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் கூடும். கம்ப்யூட்டருக்கு 500 வாட் கொடுக்க, 85 சதவீதத் திறனில், சுவரிலிருந்து 590 வாட் அளவுக்கு இழுக்கும். 230 வோல்ட்டில் அது 2.6 ஆம்பியர், ஜப்பானின் 100 வோல்ட்டில் 5.9 ஆம்பியர். மெல்லிய ஒயரும் தளர்ந்த சாக்கெட்டும் அங்கே சூடேறும். திறனும் ஒன்றிரண்டு சதவீதம் குறையும்: 80 பிளஸ் கோல்டு என்ற திறன் சான்றுக்குப் பாதிச் சுமையில் 115 வோல்ட்டில் 90 சதவீதம் போதும், 230-இல் 92 வேண்டும். சாதாரண வீட்டு கம்ப்யூட்டருக்கு இது பொருட்டே இல்லை. 1000 வாட்டுக்கு மேற்பட்ட பெரிய யூனிட் வைத்திருப்பவர்கள் மட்டும் லேபிளை இன்னொரு தடவை படிக்க வேண்டும். சிலவற்றில் 100–120 வோல்ட்டுக்கு அவுட்புட் குறைவாகவே போட்டிருக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. அட்டைப்பெட்டியில் ஆக்டிவ் பிஎஃப்சி என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் லேபிளில் 200–240 மட்டுமே இருக்கும் மலிவு மாடல்கள் உண்டு. 230 நாடுகளுக்கென்றே செய்தவை. பாதி ஆம்பியருக்கு ஏற்ற காயிலும் டயோடும்தான் உள்ளே. 120-இல் மாட்டினால் சில சமயம் ஓடக்கூடச் செய்யும். ஓடுகிறதே என்று கேம் ஒன்றைத் திறந்து முழுச் சுமை ஏற்றும்போதுதான் வெந்துபோகும். பெட்டியை நம்பாதீர்கள், லேபிளை நம்புங்கள்.

அப்படிப்பட்ட 200–240 யூனிட்டுக்கு இரண்டு வழி: ட்ரான்ஸ்ஃபார்மர் வைப்பது, அல்லது பவர் சப்ளையையே மாற்றுவது. நான் மாற்றத்தான் சொல்வேன். 500 வாட் கம்ப்யூட்டருக்கு நிம்மதியாக ஓட 1000 விஏ ட்ரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். பல கிலோ எடை, ஓயாத ரீங்காரம், கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கொஞ்சம் மின்சாரச் செலவு. மலிவான பலவற்றில் இரண்டு முள்தான், எர்த் கிடையாது. எர்த் இல்லையென்றால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியே கசிவது கேபினெட் இரும்பில் வந்து நிற்கும். புறங்கையால் தடவினால் சுருக்கென்று தெரியும். எதிர்ப்பக்கம், 230-ஐ 120 ஆக்க ஹேர் டிரையருக்கென்று விற்கும் கையடக்க கன்வெர்ட்டர் பக்கமும் போக வேண்டாம். அலையை நறுக்கிச் சராசரியைத்தான் அது குறைக்கிறது. உச்சம் அவ்வளவாகக் குறைவதில்லை. எஸ்எம்பிஎஸ் சார்ஜ் ஆவதோ உச்சத்துக்கு.

மாற்றுவது சுலபம். சாதாரண டெஸ்க்டாப் பவர் சப்ளையின் ஏடிஎக்ஸ் அளவு 1995-இலிருந்து பொது. நான்கு ஸ்குரூ, சில கனெக்டர்கள். கவனிக்க வேண்டியது ஒன்றே: கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள் என்றால் பழையதை முழுக்கப் பிடுங்கிவிட்டுப் புதியதன் கேபிளையே போடுங்கள். மதர்போர்டு பக்கம் பொது, பவர் சப்ளை பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி முள் வரிசை வேறு. ஒரு தப்பான சாட்டா கேபிள் ஹார்டு டிஸ்க்கை எரித்துவிடும். தனக்கென்று தனி வடிவ பவர் சப்ளை வைத்த குட்டி பிராண்டட் பெட்டிகளில் மாற்று கிடைக்காமல் போகலாம். அங்கே மட்டும் எர்த் உள்ள நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் நியாயம்.

மேசையில் மீதி இருப்பவற்றையும் பாருங்கள். மானிட்டர் பெரும்பாலும் 100–240. லேசர் பிரிண்டரும் யுபிஎஸ்ஸும் பெரும்பாலும் ஒரே வோல்டேஜ்; விட்டுவிட்டுப் போங்கள். 120 வோல்ட் நாட்டில் வாங்கிய ஸ்பைக் கார்டு (வோல்டேஜ் திடீரென்று எகிறினால் காக்கும் பிளக் பலகை) அதைவிட ஆபத்து. உள்ளே அந்தக் காவல் வேலையைச் செய்யும் வேரிஸ்டருக்கு 230 என்பதே ஓயாத ஸ்பைக்; கம்ப்யூட்டர் 100–240 ஆக இருந்தாலும் இது புகைந்துவிடும்.