பழைய போட்டோ புதுப்பிக்கும் கடை: முதல் தடவைக்கு ஒரு ஸ்டார், இரண்டாம் தடவைக்கு நாலரை

மதுரையில் பழைய போட்டோவைச் சரிசெய்து பெரிதாக்கிக் கொடுக்கும் ஒரு கடையில் போன மாதம் ஒரே படத்துக்கு இரண்டு தடவை வேலை வாங்கினேன். கடைப் பெயரைப் போடவில்லை. கடைசியில் ஒழுங்காகச் செய்து கொடுத்தவர்களைச் சந்தி சிரிக்க வைக்க மனமில்லை, அதோடு இதே கூத்து இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

படம் 1958இல் எடுத்தது. நாலுக்கு ஆறு அளவில் கருப்பு வெள்ளை. தூணும் மாடிப்படியும் வரைந்த ஸ்டூடியோ திரைக்கு முன்னால் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அப்பத்தா பக்கத்தில் நிற்பார். குறுக்கே ஒரு மடிப்பு, தாத்தா வேட்டியில் பூஞ்சைக் கறை. மடிப்பையும் கறையையும் எடுத்துப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு போட்டுக் கொடுங்கள் என்றேன். கவுன்டரில் இருந்த தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, “பாட்டி ரொம்ப சோகமா இருக்காங்க சார், கலர் போட்டு முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கித் தர்றேன்” என்றான். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

நாலாம் நாள் கொடுத்தார்கள். ஃப்ரேம் பிரமாதம், மடிப்பு போன இடம் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து பிரித்ததும் அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார், “பொட்டு எங்கடா?” என்று கேட்டுவிட்டு எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அப்புறம்தான் நான் பார்த்தேன். கருப்பு வெள்ளையில் குங்குமம் கரும்புள்ளியாகத்தானே விழும், அதைக் கறை என்று எடுத்துவிட்டது அந்த ஏஐ சாஃப்ட்வேர். மூக்குத்தியின் மினுக்கையும் தூசி என்று துடைத்துவிட்டது. தாத்தா உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அப்பத்தா நெற்றியில் பொட்டு இல்லை. இதைக் கூடத்தில் மாட்டவா?

சரி, பொட்டு மெஷின் செய்த தப்பு. சிரிப்பு மனுஷன் கேட்டு வாங்கிய தப்பு. உதட்டோரம் இரண்டையும் மேலே தூக்கி, தோலை இரண்டு ஷேடு வெளுப்பாக்கி, தேர்தல் பேனரில் வேட்பாளர் சிரிப்பாரே அந்த மாதிரி ஒரு சிரிப்பைக் கொண்டு வந்து அப்பத்தா முகத்தில் ஒட்டியிருந்தார்கள். உதடு சிரிக்கிறது, கண் பழையபடி நம்மையே பார்க்கிறது. 1862இலேயே துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் படம் எடுத்துப் புத்தகம் போட்டார். உதட்டை இழுக்கும் தசை சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை மனசு மலர்ந்தால்தான் சுருங்கும் என்பது அவர் முடிவு. அதைப் படித்திருக்கவே வேண்டாம், அப்பத்தாவிடம் ஒரு நாள் திட்டு வாங்கியிருந்தால் போதும், இது அப்பத்தா இல்லை என்று தெரிந்துவிடும்.

அதைவிட, ‘சோகமா இருக்காங்க’ என்று அந்தத் தம்பி படித்ததே சரியில்லை. அன்றைய ஸ்டூடியோவில் சிரிக்கச் சொல்ல மாட்டார்கள், ஆடாமல் அசையாமல் நில் என்பார்கள். அந்தக் காலத்துப் படங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் விறைத்துக்கொண்டு நிற்பார்கள், அத்தனை பேருக்குமா சோகம்? முகம் ஸ்டூடியோக்காரர் சொன்னதைக் கேட்டு நிற்கிறது. கை கேட்கவில்லை. அசல் படத்தில் அப்பத்தாவின் வலது கை நாற்காலி முதுகில் இருக்கிறது. சும்மா வைத்த கை இல்லை, விரல் கணு புடைக்கிற அளவுக்குப் பிடித்த கை. கட்டைவிரல் மட்டும் மரத்தை விட்டுத் தாத்தா சட்டையில் லேசாகப் படுகிறது, அந்த இடத்தில் துணி ஒரு மடிப்பு சுருங்கியிருக்கிறது. புதுப் படத்தில் அந்த மடிப்பும் போச்சு, விரல்கள் மெழுகு பொம்மைக்கு வைத்த மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன.

இந்தக் கையை வைத்து வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அம்மா வெட்கம் என்கிறார், அப்பா கோபம் என்கிறார் (அவருக்கு அப்பத்தா என்றாலே கோபம்தான் ஞாபகம்). அத்தை சொன்னது வேறு: தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போவதற்கு முந்தின வாரம் எடுத்த படமாம். அத்தை அப்போது பிறக்கவே இல்லை, எல்லாம் கேட்ட கதை. ஆனால் அதைக் கேட்டபிறகு எனக்கு அந்தக் கையை வேறு மாதிரி பார்க்க வரவில்லை.

போன தலைமுறையின் முகத்தைத் திருத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021 ஏப்ரலில் நடந்தது ஒன்று போதும். கம்போடியாவில் 1970களில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற கெமர் ரூஜ் ஆட்சியின் எஸ்-21 என்ற சித்திரவதைச் சிறையில் அடைக்கப்பட்டவர்களின் படங்களைக் கலராக்கிய ஒருவர், சிலர் முகத்தில் இல்லாத சிரிப்பையும் சேர்த்திருந்தார், அவை வைஸ் என்ற செய்தித் தளத்தில் வந்தன. அந்நாட்டுக் கலாசார அமைச்சகம் கண்டித்தது, தளமும் படங்களை எடுத்துவிட்டது. எங்கள் கதையை அதோடு வைத்துப் பேசுவது தப்பு, ஆனால் இரண்டிலும் அமுக்குவது ஒரே பட்டனைத்தான்.

திரும்பப் போய்ச் சண்டை போடத்தான் போனேன். உள்ளேயிருந்து வயதான ஒரு அண்ணன் வந்தார், பென்சில் பிடித்து நெகட்டிவில் டச்சிங் செய்த காலத்து ஆள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் முதலில் சொன்னது, “கையை விட்டுட்டாங்களே.” எனக்குச் சண்டை போட வாயே வரவில்லை.

தம்பி அந்தப் படத்தை செல்போனில் எடுத்துத்தான் வேலை செய்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. நாலங்குலத்தைப் பன்னிரண்டு அங்குலமாக்கி 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க வேண்டுமென்றால் அசலைக் குறைந்தது 900 டிபிஐயிலாவது ஸ்கேன் செய்ய வேண்டும், அது இல்லாததால் மெஷின் விரலை அதுவாகவே கற்பனை செய்துகொண்டது. பழைய படத்தின் கரும்பகுதியில் படத்தாளில் இருக்கும் வெள்ளி மேலே வந்து கண்ணாடி போல மினுங்குவதால் அண்ணன் ஸ்கேனர் வேண்டாமென்று இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து நல்ல கேமராவில் எடுத்தார். மடிப்பு, பூஞ்சை, அவ்வளவுதான், வேறு எதையும் தொடவில்லை. கலரும் இல்லை.

முதலில் 1,800 ரூபாய், இரண்டாவதுக்கு 600 மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் ஆனது, நடுவில் மூன்று தடவை போன் செய்தும் எடுக்கவில்லை, அரை ஸ்டார் குறைத்தது அதற்குத்தான். பொட்டு இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது, சட்டையில் அந்தச் சுருக்கமும் இருக்கிறது. பன்னிரண்டுக்குப் பதினெட்டில் பார்த்தபோது தாத்தாவின் தலையும் அப்பத்தா பக்கம் ஒரு நூலளவு சாய்ந்திருப்பது தெரிந்தது, சின்னப் படத்தில் இத்தனை வருஷம் யாரும் கவனித்ததில்லை. அப்பா இன்னும் கோபம்தான் என்கிறார்.

போகிறவர்கள் மதியத்துக்கு மேல் போங்கள், காலையில் அந்த அண்ணன் இருக்க மாட்டார்.